பின்வாசலில் ஒரு தம்ளர் தண்ணீர்

வந்தவள் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கப்பா பொய் சொல்ல மாட்டார்," என்றாள். "அதை நீங்க நிரூபிக்கணும்."

துப்பறிபவர் பேனாவைக் கீழே வைத்தார். அவருடைய அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை. மேசையின் ஒரு பக்கம் அவர் உட்காருவார். இன்னொரு பக்கம் அவருடைய உதவியாளர். நாற்பதைத் தாண்டியவர், பருத்த உடம்பு. கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லிவிடுவதால் அவருக்கு அவசரம் என்று பெயர் வந்திருந்தது. சொந்தப் பெயரை இப்போது அவர் மனைவி மட்டும்தான் பயன்படுத்தினாள், அதுவும் கோபம் வந்தால்.

"பொய்னு யார் சொன்னது?" என்றார் அவசரம்.

"எல்லாரும்."

அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். எதை முதலில் சொல்ல வேண்டும், எதைப் பிறகு சொல்ல வேண்டும் என்று தெரிந்தவளாகச் சொன்னாள்.

அவளுடைய அப்பா ஒரு குளிர்பதனக் கிடங்கில் கம்ப்ரஸர் பார்ப்பவர். போன மாதம் அந்த இயந்திர அறையில் தீப்பிடித்தது. அப்பாவோடு வேலை பார்த்தவர் இறந்துபோனார். பல வருடங்களாக இருவரும் ஒரே ஷிப்ட். அவள் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் குளிர் அறைக்குள் போய் குழாய்களில் உறைந்த பனியைச் சுரண்டுவார். மற்றவர் வெளியே இயந்திரத்தின் பக்கத்திலேயே நிற்பார். உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே இருப்பவர் நகரக் கூடாது. இது எங்கும் எழுதி ஒட்டிய விதி இல்லை. ஆனால் அப்பா அதை ஒருநாளும் மீறியதில்லை.

அன்றைக்கு மீறியிருந்தார். தீ பிடித்தபோது அவர் பின்வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு தம்ளர் தண்ணீர்.

விசாரணையில் அவர் சொன்னது இவ்வளவுதான்: சிகரெட் நாற்றம் வந்தது. அப்படியென்றால் அவன் வேலையை முடித்துக்கொண்டு வெளியே வந்து, எப்போதும்போல என் கண்ணில் படாமல் இயந்திரத்துக்குப் பின்னால் நின்று புகைக்கிறான் என்று அர்த்தம். அதனால் நான் எழுந்து வெளியே போனேன்.

"பாதிப் பேர் அப்பா பொய் சொல்றார்ங்கறாங்க. அவரே சிகரெட் பிடிக்க வெளிய போயிட்டு, செத்தவர் மேல பழியைப் போடறாராம். மீதிப் பேர் அப்பாவை நம்பறாங்க. அவங்க நம்பினா சித்தப்பா தன் சிகரெட்டாலயே எரிஞ்சுபோனார்னு ஆகுது. சித்தி குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். இந்த வாரத்தோட விசாரணை முடியுது."

"உங்களுக்கு எது வேணும்?" என்றார் துப்பறிபவர்.

"ரெண்டும் இல்லாம ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்." அவள் இப்போதுதான் உட்கார்ந்தாள். "இருக்காது."

அப்பா இன்னும் புகைக்கிறாரா என்று அவர் கேட்டார்.

விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது என்றாள். அவள்தான் விடவைத்தாள். ஊருக்கெல்லாம் இருமல் மருந்து விற்கிறவளுக்குத் தன் அப்பாவின் இருமலை நிறுத்த முடியவில்லை. ஏலக்காய் மென்று பார்த்தார். சூயிங்கம் மென்று பார்த்தார். பிறகு இரண்டையும் மென்றுகொண்டே புகைத்தார். கடைசியில் அவள் ஹிப்னாடிசம் செய்கிற ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். குரைக்கச் சொல்வாரா, கூவச் சொல்வாரா என்று வழியெல்லாம் அப்பா கேலி செய்துகொண்டு வந்தார். அவரை உள்ளறைக்கு அழைத்துக்கொண்டார்கள். அவள் வெளியே உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒருமுறை டாக்டர் வந்து அப்பாவைப் பற்றி ஒன்றிரண்டு விஷயம் கேட்டுக்கொண்டு போனார். வெளியே வந்த அப்பா பாக்கெட்டை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். அதன் பிறகு ஒன்றுகூட இல்லை.

"அவ்வளவு சுலபமா?" அவசரத்தின் குரலில் ஏக்கம் இருந்தது. அவர் சட்டைப்பையில் ஒரு பாக்கெட் எப்போதும் துருத்திக்கொண்டிருக்கும்.

"முதல் மாசம் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தார். கீழ் வீட்டுக்காரர் சிகரெட் பத்தவெச்சா இவர் இறங்கிப் போய் தண்ணி மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பார்."

"மோட்டாரை எதுக்கு?"

"தெரியல. சிகரெட்டை விட்டவங்களுக்குக் கை சும்மா இருக்காதுன்னு நினைச்சேன். அப்புறம் சரியாயிட்டார். வாசனை வந்தா எழுந்து பின்பக்கம் போய் ஒரு தம்ளர் தண்ணி குடிப்பார். அவ்வளவுதான்."

துப்பறிபவர் பேனாவை எடுத்தார். எதுவும் எழுதாமல் மறுபடி வைத்தார்.

*

கிடங்கில் பழ வாசனையும் ஈரச் சாக்கின் வாசனையும் இருந்தன. இயந்திர அறையில் மட்டும் வேறு வாசனை. சுவர்கள் கூரை வரை கறுத்திருந்தன. கம்ப்ரஸர் இருந்த இடத்தில் ஒரு இரும்புக் குவியல் கிடந்தது.

மேற்பார்வையாளர் வயதில் சிறியவர். பேசும்போது அந்தக் குவியலைப் பார்க்காமல் பேசினார்.

"அந்தப் பொண்ணோட அப்பாவை மூக்கண்ணன்னுதான் கூப்பிடுவோம். இந்தச் சத்தத்துல காது போய் ரொம்ப நாளாச்சு அவருக்கு. எல்லாம் மூக்குதான். மீன் வண்டி கேட்டுக்கு வெளிய நிக்கும்போதே எந்தப் பெட்டி கெட்டுப்போச்சுன்னு சொல்லுவார். கம்ப்ரஸரோட பெல்ட் லேசா சூடானாப் போதும், இந்த மூலையிலேர்ந்து எழுந்து ஓடுவார்."

தீ எங்கே தொடங்கியது என்று துப்பறிபவர் கேட்டார். பெல்ட்டில்தான் என்றார் மேற்பார்வையாளர். தீயணைப்புக்காரர்கள் அதுவரை சொல்லிவிட்டார்கள். கப்பி இறுகிப்போய் ரப்பர் பெல்ட் தானாகக் கருகிப் பிடித்திருக்கலாம். அல்லது எண்ணெய் படிந்த பெல்ட் மேல் யாராவது நெருப்பைப் போட்டிருக்கலாம்.

"தானாகக் கருகியிருந்தா?"

"அதைத்தான் நாங்க ஒத்துக்கல. பெல்ட் ஒரேயடியா பத்திக்காது. முதல்ல கருகி நாறும். மூக்கண்ணன் பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது அது நடக்குமா? பிடிச்சு நிறுத்தியிருப்பார். அப்போ மிச்சம் சிகரெட்தானே."

அவசரம் தலையாட்டினார். அது சரியாகத்தான் பட்டது.

மூக்கண்ணன் எப்போதாவது தவறு செய்திருக்கிறாரா என்று துப்பறிபவர் கேட்டார். மேற்பார்வையாளர் தயங்கினார். ஒரு காலத்தில் கொஞ்சம் தடுமாறினார் என்றார். பெல்ட் கருகுகிறது என்று திடீர் திடீரென்று இயந்திரத்தை நிறுத்திவிடுவார். போய்ப் பார்த்தால் பெல்ட் குளிர்ந்து கிடக்கும். ஆட்கள் சிரித்தார்கள். ஒருமுறை அப்படி நிறுத்தியதில் உள்ளே இருந்த சரக்கு இளகிவிட்டது.

"நான் கொஞ்சம் கடுமையா பேசிட்டேன். இனிமே சும்மா நிறுத்தினா மூக்கை வீட்லயே கழட்டி வெச்சுட்டு வாங்கன்னு. அதுக்கப்புறம் அவர் நிறுத்தல."

"அது எப்போ?"

"அவர் சிகரெட்டை விட்ட புதுசுல."

வாசல் காவலர்தான் இறந்தவரைத் தூக்கி வெளியே கொண்டுவந்தவர். இறந்தவர் இயந்திரத்துக்குப் பின்னால் குப்புறக் கிடந்தார் என்றார். அவர் வழக்கமாகப் புகைக்கும் இடம் அது. கம்பளிக் கோட்டின் பொத்தான் கழுத்து வரை மாட்டியிருந்தது. இரண்டு கையிலும் உறை.

"உறை ரெண்டு கையிலயுமா?"

"ஆமா சார். பனி சுரண்டற தடிமனான உறை. நான்தான் ஆஸ்பத்திரியில உருவினேன்."

மூக்கண்ணனையும் அவர் பார்த்திருந்தார். பின்வாசலில் தம்ளரோடு நின்றவர், புகையைக் கண்டதும் அதை எறிந்துவிட்டு உள்ளே ஓடினார். குளிர் அறைக் கதவின் இரும்புப் பிடியை வெறுங்கையால் பிடித்து இழுத்திருக்கிறார். கை இரண்டும் வெந்துவிட்டன. காவலரும் மற்றவர்களும் அவரை இழுத்துக்கொண்டு வரும்வரை கதவை விடவில்லை.

திரும்பி நடக்கும்போது அவசரம் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "காவலாளி மூக்கண்ணனைக் காப்பாத்தறான் சார். தம்ளரைப் பார்த்தவன் சிகரெட்டைப் பார்த்திருக்க மாட்டானா?"

"அவர் ஏன் குளிர் அறைக் கதவை இழுத்தார்?"

"ஆள் உள்ள இருக்கான்னு…" அவசரம் நின்றார். "ஆனா ஆள் வெளிய வந்துட்டான்னு நினைச்சுத்தானே அவர் எழுந்து போனார்?"

"புகையைப் பார்த்ததும் சந்தேகம் வந்திருக்கு. அதுக்கு முன்னாடி வரல. ஆள் வெளிய வந்துட்டான், ஆள் உள்ளதான் இருக்கான், அவர் மனசுல எங்கேயோ ரெண்டும் இருந்திருக்கு. அவருக்கே தெரியாம."

*

மூக்கண்ணன் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்திருந்தார், யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருளைப் போல.

காது மந்தம் என்பதால் மகள் பக்கத்தில் நின்று கேள்விகளை உரக்கச் சொன்னாள். பதில்கள் ஒற்றை வார்த்தையில் வந்தன. துப்பறிபவர் அவசரத்தைப் பார்த்தார். "நீ போய் மாடிப்படியில ஒரு சிகரெட் பிடிச்சிட்டு வா."

அவசரத்துக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. துப்பறிபவர் கிடங்கைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். மூக்கண்ணன் பாதிப் பதிலில் நிறுத்தினார்.

"உங்க ஆள் சிகரெட் பிடிக்கிறார்," என்றார். கோபம் இல்லை. எழுந்தார். அடுக்களையைக் கடந்து பின்பக்கம் போனார். போகும் வழியில் சுவரில் தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் இருந்தது. அவருடைய வலது கை உயர்ந்து, கட்டுத் துணியோடு அதைத் தொட்டது. அணைந்துதான் இருந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. பின்பக்கத் தாழ்வாரத்தில் குடத்துக்குப் பக்கத்தில் நின்றார். மகள் ஒரு தம்ளரில் மொண்டு அவர் வாயருகே பிடித்தாள். குடித்தார்.

துப்பறிபவர் அருகில் போய், அந்த நாற்றம் எப்படி இருக்கும் என்று கேட்டார்.

"எது?"

"சிகரெட் நாத்தம்."

மூக்கண்ணன் அவரை விநோதமாகப் பார்த்தார். "சிகரெட் நாத்தம் சிகரெட் நாத்தம் மாதிரிதான் இருக்கும்."

கொஞ்சம் பொறுத்து, கேட்காமலே சொன்னார். "நான் அவன் மேல பழி போடல சார். அவன் அங்க நிப்பான். நிறையத் தடவை நின்னிருக்கான். வாசனை வந்தா அவன் உள்ள இல்லன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் எழுந்தேன். இல்லன்னா எழுந்திருப்பேனா?"

*

டாக்டரின் அறையில் சாய்வு நாற்காலி ஒன்றும், மிக மெதுவாகச் சுற்றும் மின்விசிறி ஒன்றும் இருந்தன. டாக்டர் குரலைத் தாழ்த்தியே பேசினார். தொழில் அப்படிப் பழக்கியிருந்தது.

நோயாளியிடம் என்ன சொன்னேன் என்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்றார். நோயாளிக்கே அது நினைவிருக்காது. இருந்தால் பலிக்காது. பொதுவாகச் செய்வதை மட்டும் சொன்னார். புகையின் மேல் ஒரு வெறுப்பை ஏற்ற வேண்டும். வெறுப்பு வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிவைக்க வேண்டும். எழுந்து போ, காற்றுள்ள இடத்துக்குப் போ, தண்ணீர் குடி. அப்போதுதான் கைக்கும் வாய்க்கும் வேலை கிடைக்கும்.

"சார், எனக்கும் பலிக்குமா?" என்றார் அவசரம்.

டாக்டர் அவரை அக்கறையோடு பார்த்தார். "உங்களால தாங்கவே முடியாத வாசனை எது?"

"மழையில நனைஞ்ச நாய்."

"அப்போ பலிக்கும்."

அவசரம் சிரித்தார். துப்பறிபவர் சிரிக்கவில்லை. "இந்தக் கேள்வியை எல்லார்கிட்டயும் கேப்பீங்களா?"

"கேக்காம முடியாது. ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு. சிலர் சொல்ல மாட்டாங்க, எனக்கு எல்லா வாசனையும் ஒண்ணுதான்னு கேலி பண்ணுவாங்க. அப்போ கூட வந்தவங்ககிட்ட கேட்டுப்பேன். வீட்ல இருக்கறவங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கு?"

துப்பறிபவர் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"என்ன சார்?"

"முடிஞ்சிருச்சு."

"நல்ல சேதிதானே?"

"அந்தப் பொண்ணு ரெண்டும் இல்லாம ஒண்ணு கேட்டா இல்லையா? அது இருக்கு."

"அப்புறம் என்ன சார்?"

துப்பறிபவர் தெருவில் இறங்கினார். தெருமுனை வரை நடந்தபின், கிடங்குக்குப் போய் ஒரு பழைய பெல்ட் துண்டு வாங்கிவரும்படி அவசரத்திடம் சொன்னார்.

*

மறுநாள் பிற்பகல் மூக்கண்ணன் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மேற்பார்வையாளர் வந்திருந்தார். டாக்டர் வந்திருந்தார். இறந்தவரின் மனைவி கதவோரத்தில் உட்கார்ந்திருந்தாள். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து வந்திருந்தாள். விரல்களில் சணல் நார் ஒட்டியிருந்தது. அவளும் மூக்கண்ணனும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மகள் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தாள். யாரும் குடிக்கவில்லை.

அவசரத்தைக் காணவில்லை.

துப்பறிபவர் இறந்தவரைப் பற்றித் தொடங்கினார். கம்ப்ரஸர் அறை சூடானது. குளிர் அறையிலிருந்து வெளியே வந்து நின்று நிதானமாகப் புகைக்கிறவர் முதலில் கையுறையைக் கழற்றுவார். கழற்றாமல் சிகரெட்டை எடுக்கவும் முடியாது, தீக்குச்சியைக் கிழிக்கவும் முடியாது. கோட்டையும் திறந்துவிடுவார். ஆனால் இவருக்கு உறை இரண்டு கையிலும் இருந்தது. கோட்டு கழுத்து வரை மாட்டியிருந்தது.

"அவர் புகைக்க வரல. புகை உள்ள வந்ததால ஓடி வந்திருக்கார். கண் தெரியாம இயந்திரத்துக்குப் பின்னால போய் விழுந்துட்டார்."

"அப்போ அண்ணன் சொன்னது பொய்," என்றாள் இறந்தவரின் மனைவி. உரக்கச் சொல்லவில்லை.

"கொஞ்சம் பொறுங்கம்மா."

அவர் பேச்சை நிறுத்தினார். பிறகு அடுக்களைப் பக்கத்திலிருந்து மெல்ல ஒரு வாசனை வந்தது. காட்டமான, தொண்டையில் ஒட்டுகிற வாசனை.

மேற்பார்வையாளர் துள்ளி எழுந்தார். "பெல்ட் கருகுது."

இறந்தவரின் மனைவி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். டாக்டர் நிமிர்ந்தார். மூக்கண்ணனுக்கு மேற்பார்வையாளர் சொன்னது கேட்கவில்லை. அவர் முகத்தைச் சற்றே திருப்பினார். பழகிப்போன ஒரு சின்னத் தொந்தரவைப் பார்ப்பவர்போல.

"யாரோ சிகரெட் பிடிக்கிறாங்க," என்றார்.

எழுந்தார். கூடத்தைக் கடந்தார். சுவிட்சைத் தொட்டார். பின்பக்கத் தாழ்வாரத்தில் போய் நின்றார். குடத்தின் பக்கத்தில்.

அவசரம் அடுக்களையிலிருந்து வந்தார். கையில் ஒரு பழைய தட்டு, அதில் பாதி கருகிய ரப்பர் துண்டு. அவர் முகத்தில் அவசரம் இல்லை.

"அவர் பொய் சொல்லல," என்றார் துப்பறிபவர். "அவருக்கு வந்தது சிகரெட் நாத்தம்தான். அதே வாசனை உங்களுக்கு வந்திருந்தா பெல்ட்னு சொல்லியிருப்பீங்க."

அவர் மெதுவாகச் சொன்னார். சிகரெட்டை விடவைப்பதற்காக, சிகரெட் புகை இனி கருகும் பெல்ட் போல நாறும் என்று மூக்கண்ணனின் மனதில் பதியவைத்திருக்கிறார்கள். அது நன்றாகப் பதிந்துவிட்டது. முதல் மாதம் யாராவது பற்றவைத்தால் அவருக்குப் பெல்ட் கருகியது. ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தினார். வீட்டில் இறங்கிப்போய் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பெல்ட் குளிர்ந்து கிடந்தது. எங்கோ ஒருவர் புகைத்துக்கொண்டிருந்தார். சிரித்தார்கள். திட்டினார்கள். மூக்கால் பெயர் வாங்கிய மனிதர். அவர் கற்றுக்கொண்டார். இந்த வாசனை வந்தால் அது பெல்ட் இல்லை, சிகரெட். எழுந்து போ, தண்ணீர் குடி. கொஞ்ச நாளில் இரண்டு வாசனை இருந்தது என்பதே அவருக்கு மறந்துபோனது. கை மட்டும் மறக்கவில்லை. அது இன்னும் சுவிட்சைத் தொடுகிறது.

"அன்னைக்கு நிஜமாவே பெல்ட் கருகிச்சு. அவருக்கு அது, நண்பர் வெளிய வந்துட்டார்ங்கற சேதி. உள்ள ஆள் இருந்தா நகர மாட்டார். ஆள் வெளிய வந்துட்டார்னு மூக்கு சொன்னதாலதான் நகர்ந்தார்."

மேற்பார்வையாளர் உட்கார்ந்திருந்தார். மூக்கை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னேன் என்று ஒருமுறை முணுமுணுத்தார். யாரிடமும் இல்லை.

இறந்தவரின் மனைவி விரலில் இருந்த நாரை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். "அப்போ அவர் சிகரெட்டைத் தொடல."

"தொடலம்மா."

"நான் தினமும் அவரைத் திட்டிக்கிட்டே இருந்தேன். போட்டோவைப் பார்த்து. ஒரு சிகரெட்டுக்காக எங்களை விட்டுட்டுப் போயிட்டியேன்னு." அவள் எழுந்து தாழ்வாரத்துப் பக்கம் போனாள். மூக்கண்ணனின் காதருகே நின்று சொன்னாள். சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. தான் கேட்டதைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். பெல்ட் என்ற வார்த்தை வந்தபோது மூக்கண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டார்.

வெகுநேரம் கழித்துக் கூடத்துக்கு வந்தார். டாக்டரைப் பார்த்தார். "தாங்க முடியாத வாசனை எதுன்னு நீங்க என்னைக் கேட்டீங்க. எனக்கு எல்லா வாசனையும் வேலைதான்னு சிரிச்சேன். அது ஞாபகம் இருக்கு. நான் பெல்ட்டுன்னு சொல்லலியே."

டாக்டர் தரையைப் பார்த்தார். துப்பறிபவர் சட்டென்று இடையில் புகுந்தார். அது முக்கியமில்லை என்றார். விசாரணைக்குத் தேவையானது எல்லாம் கிடைத்துவிட்டது, மேற்பார்வையாளர் எழுதிக் கொடுப்பார் என்றார். வந்ததிலிருந்து அவர் வேகமாகப் பேசியது அப்போதுதான். ஒரே ஒரு விஷயத்தை விட்டுவிட்டு மீதியெல்லாம் சொல்ல முடியும் என்று அவர் முந்தைய நாளிலிருந்து கணக்குப் போட்டிருந்தார்.

மகள் தேநீர்த் தட்டைக் கீழே வைத்தாள்.

"நான்தான்ப்பா," என்றாள். அப்பாவின் காதருகே குனிந்து இன்னொரு முறை சொன்னாள். "டாக்டர் வெளிய வந்து கேட்டார். உங்களுக்குப் பயமான வாசனை எதுன்னு. பெல்ட் கருகற வாசனைன்னு நான்தான் சொன்னேன். ராத்திரியில தூக்கத்துல எழுந்து உட்கார்ந்துப்பீங்களே. எனக்கு வேற எதுவும் தோணல."

மூக்கண்ணன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டுப் போட்ட கையைத் தூக்கி அவள் தலையில் வைத்தார். கை நிற்கவில்லை, வழுக்கித் தோளில் விழுந்தது.

"சரியாத்தானேம்மா சொன்னே," என்றார். "நான் பயப்படறது அது ஒண்ணுக்குத்தான்."

டாக்டர் எழுந்து நின்றார். மனதில் ஏற்றியதை எடுத்துவிட முடியும் என்றார். இப்போதே, இங்கேயே. ஆனால் மனதால் தீப்பிடித்த அந்த நாளுக்கே அவரைத் திரும்பக் கூட்டிப்போக வேண்டியிருக்கும்.

"வேண்டாம்," என்றாள் மகள். "அது அப்படியே இருக்கட்டும் டாக்டர். அவருக்கு அது சிகரெட்டாவே இருக்கட்டும்."

அப்பா அவள் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"எடுத்துடுங்க," என்றார். "நாளைக்கு விசாரணையில போய் நான் சொல்லணும். பெல்ட் கருகிச்சுன்னு. இவங்க சொன்னாங்கன்னு சொல்லக் கூடாது. எனக்கே தெரிஞ்சு சொல்லணும்."

அவரை உள்ளறைக்கு அழைத்துப்போனார்கள். கதவு சாத்தப்பட்டது. மேற்பார்வையாளர் விடைபெறாமல் போனார். அவசரம் தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அதை எங்கே கொட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த பாக்கெட்டை அன்று மாலை முழுவதும் அவர் தொடவில்லை.

மகள் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள், ஒன்றரை வருடத்துக்கு முன் உட்கார்ந்ததைப் போல. சித்தி வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அப்பாவின் காதருகே பேசும் டாக்டரின் தாழ்ந்த குரல் கேட்டது. வார்த்தைகள் கேட்கவில்லை. இந்த முறை அவர் எதையும் கேட்க வெளியே வரவில்லை.

பிறகு குரல் நின்றது. நாற்காலி ஒன்று பின்னால் தள்ளப்படும் ஓசை. அதன் பின் அப்பாவின் குரல், இயந்திரச் சத்தத்தை மீறிக் கூப்பிடுபவரின் குரல்.

"டேய். வெளிய வாடா. பெல்ட்டு. வெளிய வா."